எபேசுவும் ஷிரிஞ்சேயும்: ஒரு நாளை எப்படி வகுப்பது

துருக்கியில் உள்ள இந்த இரண்டு இடங்களுக்கும் முதல் முறை போனபோது வரிசையைத் தலைகீழாக்கிவிட்டேன். காலையில் மலைக்கிராமமான ஷிரிஞ்சேயில் கடை கடையாக ஒயின் ருசி பார்த்துவிட்டு, நண்பகலில் ரோமர் காலத்துப் பழைய நகரமான எபேசுவின் இடிபாடுகளுக்குள் நுழைந்தோம். ஜூலை வெயில். சலவைக்கல் தெரு கண்ணைக் கூசவைத்தது. ஒதுங்க நிழல் அரிது. அம்மாவுக்குத் தலைவலி வந்து பாதியில் திரும்பினோம். அடுத்த ஆண்டு ஜெர்மனியிலிருந்து மறுபடி துருக்கிக்கு விமானம் ஏறியதே அந்த மிச்சத்தைப் பார்க்கத்தான். ஆகவே காலையில் கல், பிற்பகலில் சாப்பாடு, மாலையில் ஒயின் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

இஸ்மீர் நகரின் பஸ்மானே நிலையத்திலிருந்து எபேசுவுக்குப் பக்கத்திலுள்ள செல்ச்சுக் ஊருக்கு ரயில் போகிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். முதல் ரயிலைப் பிடியுங்கள். முதல்நாள் இரவே செல்ச்சுக்கில் தங்க முடிந்தால் இன்னும் நல்லது. வாடகைக் கார் வேண்டாம். மாலையில் ஒயின் குடிக்கப் போகிறீர்கள், அந்த மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குவது. ரயிலும் சிற்றுந்துமே போதும். செல்ச்சுக் நிலையத்துக்கு வெளியே பைசாந்தியர் காலத்து நீர்ப்பாலத்தின் தூண்கள் வரிசையாக நிற்கும். வசந்தத்திலும் கோடையிலும் அவற்றின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். நிமிர்ந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள், வெயில் காத்திருக்காது.

எபேசுவுக்கு இரண்டு வாசல்கள். சிற்றுந்து கீழ் வாசலில்தான் விடும். நீங்கள் ஒரு டாக்சி பிடித்து, 'யுகாரி கப்பி' என்று சொல்லி மேல் வாசலில் இறங்குங்கள். அந்தச் செலவு வீண் அல்ல. நகரம் முழுவதும் சரிவில் இருக்கிறது. மேலிருந்து தொடங்கினால் வழி நெடுக இறக்கம்தான். முழங்கால் வலியுள்ள என் அம்மா இரண்டாம் முறை எங்கும் உட்காராமல் நடந்தார். வாசல் திறக்கும் நேரத்திலேயே உள்ளே போய்விட வேண்டும். குஷாதாசே துறைமுகத்தில் இறங்கும் கப்பல் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து சேர்ந்த பிறகு தெருவில் தலைகள்தான் தெரியும். தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு மூன்றும் அவசியம். இரண்டாயிரம் ஆண்டுக் காலடிகள் பட்டு அந்தக் கற்கள் கண்ணாடிபோல் மழுங்கியிருக்கின்றன.

உள்ளே மலைச்சரிவு வீடுகளுக்குத் தனி டிக்கெட். பலர் அதைத் தவிர்க்கிறார்கள்; நான் முதல் முறை தவறவிட்டு வருந்தியதும் அதற்குத்தான். பெரிய கூரையின்கீழ் ரோமர் காலத்துச் செல்வர்களின் வீடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சுவரில் நிறம் மாறாத ஓவியங்கள், தரையில் சிறுகல் பதித்த கோலங்கள், சுவருக்குள் சுடுமண் குழாய்கள். கோயில்களும் வளைவுகளும் அரசர்களைப் பற்றிப் பேசுகின்றன. இந்த வீடுகளில்தான் விருந்தினருக்காகக் காத்திருந்த மனிதர்களை உணர முடிகிறது. கடலுக்கு அப்பாலிருந்து சரக்கு வந்து குவிந்த துறைமுகப்பட்டினம் இது. ஆற்று வண்டல் துறைமுகத்தை மூடியது. இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. ஒரு மணி நேரமாவது இந்த வீடுகளுக்குக் கொடுங்கள்.

அங்கிருந்து இறங்கினால் செல்சஸ் நூலகம். ரோம ஆளுநராக இருந்த தந்தைக்காக மகன் கட்டியது. தந்தையின் உடல் அதன் அடியிலேயே கல்பேழையில் இருக்கிறது. சரிந்து கிடந்த முகப்பை 1970களில் மீண்டும் தூக்கி நிறுத்தினார்கள். மாடங்களில் நிற்கும் நான்கு பெண் சிலைகள் நகல்கள். மூலங்கள் வியன்னாவில் உள்ளன. அடுத்து சுமார் 25,000 பேர் அமரக்கூடிய அரங்கம். பவுலுக்கு எதிராகக் கூட்டம் திரண்டு கூச்சலிட்டதாக விவிலியம் சொல்லும் இடம் இதுவே என்றதும் அம்மா சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். இயேசுவின் தாய் மரியாள் வாழ்ந்ததாக நம்பப்படும் மாதாவின் வீடு மலைமேல் வேறு திசையில் இருக்கிறது. அதை இன்னொரு நாளுக்கு வையுங்கள். இதே நாளில் திணித்தால் இரண்டும் கெடும்.

கீழ் வாசலில் சிற்றுந்து பிடித்துத் திரும்பும் வழியில் ஆர்ட்டெமிஸ் கோயில் வரும். உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. இன்று சதுப்பில் ஒற்றைத் தூண். பத்து நிமிடம் போதும்.

செல்ச்சுக் பஸ் நிலையத்திலிருந்து ஷிரிஞ்சே எட்டு கிலோமீட்டர். வார நாளில் போங்கள். சனி, ஞாயிறுகளில் இஸ்மீரே அங்கே திரண்டுவிடுகிறது. இறங்கியதும் கடைத்தெருவில் நிற்காமல் மேல் சந்துகளுக்கு ஏறுங்கள். பெண்கள் நீளமான மெல்லிய குழவியால் மாவைக் காகிதம்போல் தேய்ப்பது கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். குவிந்த இரும்புச் சட்டியில் சுட்டுத் தரும் அந்த ரொட்டிக்கு 'கொஸ்லெமே' என்று பெயர். கீரையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்ததைக் கேளுங்கள். இறைச்சி வேண்டாம் என்றால் 'எட்சிஸ்' என்ற ஒரு சொல் போதும். குடிக்க அய்ரான், அதாவது உப்புப் போட்ட மோர். கூடவே ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்த காட்டுக்கீரை, திராட்சை இலையில் சோறு சுற்றியது, பருவத்தில் போனால் சுரைக்காய் இனப் பூவுக்குள் சோறு அடைத்தது. உறைப்புத் தேடுவோருக்கு 'புல் பிபர்' என்ற மிளகாய்த்துகள் மேசையிலேயே இருக்கும்.

ஒயினில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைக்காரர்கள் சின்னக் குவளைகளில் முதலில் ஊற்றித் தருபவை மல்பெரி, மாதுளை, பீச், செர்ரி ஒயின்கள். பெரும்பாலும் இனிப்பு. இரண்டு ருசித்தாலே நாக்கு மழுங்கிவிடும். மல்பெரி ஒன்றை மட்டும் சுவைத்துவிட்டு, 'செக்' என்று கேளுங்கள். இனிப்பில்லாதது என்று பொருள். போர்னோவா மிஸ்கெத் என்ற வெள்ளைத் திராட்சை இந்தப் பகுதிக்கே உரியது, பெயரும் இஸ்மீரின் போர்னோவாவிலிருந்து வந்தது. குளிரவைத்த அதன் மணம் எனக்கு மல்லிகையை நினைவூட்டியது. ரோமர் காலத்துப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எபேசுவின் ஒயின் நல்லது என்று எழுதிவைத்திருக்கிறார். காலையில் பார்த்த வீடுகளில் குடித்தது இந்த மலைகளின் திராட்சைச் சாற்றைத்தான் என்று எண்ணிக்கொண்டு குடியுங்கள்.

குவளையோடு திருமுழுக்கு யோவான் கோவில் பக்கமாகப் போய் ஊரைப் பாருங்கள். அந்த வெள்ளை வீடுகள் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கட்டியவை. 1922இல் முடிந்த கிரேக்க-துருக்கிப் போரோடு அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். 1923 மக்கள் பரிமாற்ற உடன்பாட்டின்படி கிரேக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இங்கே குடியேறினார்கள். இரு தரப்பும் வீடிழந்தவர்கள். 1995 அக்டோபரில் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தவர் என் அம்மா. ஒரு பழைய கதவு நிலையைத் தடவிப் பார்த்து, "திறப்பை (சாவியை) யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்களோ" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

மேலே வரும்போதே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டு வையுங்கள். 'சோன் டோல்முஷ் காச்தா' என்றால் விரல்விட்டுக் காட்டுவார். இஸ்மீருக்கான கடைசி ரயிலின் நேரத்தைக் காலையிலேயே செல்ச்சுக் நிலையத்தில் குறித்துக்கொள்ளுங்கள். போத்தலை விமானத்தில் கொண்டுபோவதானால் துண்டில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள், கைப்பையில் அனுமதிக்கமாட்டார்கள்.