பற்றரி முனைக்கு அப்பச்சோடா

கிளிநொச்சியில் பெரும்போக உழவு தொடங்கும் நேரம் பார்த்து எங்கள் உழவு இயந்திரம் ஸ்டார்ட் ஆகவில்லை. பற்றரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகத் தூள் பூத்திருந்தது. கசிந்த சல்பூரிக் அமிலத்தின் வேலை.

கையுறை போட்டு, மறை (−) வயரை முதலில் கழற்றினேன், அப்புறம் நேர் (+) வயர். பற்றரியின் மேலுள்ள அறை மூடிகளை நன்றாக இறுக்கினேன். சோடா உள்ளே போனால் பற்றரியே கெட்டுவிடும், இதில் மட்டும் அவசரம் கூடாது.

அம்மாவின் அப்பச்சோடாவில் ஒரு மேசைக்கரண்டியை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் பூசினேன். சுர்ரென்று நுரைத்தது. காரத்தன்மையுள்ள சோடா அமிலத்தை நடுநிலையாக்கும்போது சோடியம் சல்பேற்று, நீர், காபனீரொட்சைட்டு உண்டாகின்றன. அந்த வாயுதான் நுரை. நுரை நிற்கும்வரை பூசினேன்.

கழுவித் துடைத்து, நேர் வயரை முதலில் பூட்டி, கிறீஸ் தடவினேன். திறப்பைத் திருப்பியதும் இயந்திரம் பிடித்தது.