தாமரை இலையின் மெழுகு கரையாமல் எஸ்இஎம் படம் எடுத்த என் அனுபவம்

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்குக் காரணம் மேல்தோலின் சிறு மேடுகளும், அவற்றின் மேல் அடர்ந்திருக்கும் மெழுகுக் குழல்களும். ஜெர்மன் தாவரவியலாளர்கள் பார்ட்லாட், நைன்ஹுயிஸ் இருவரும் 1997-ல் இதை விளக்கினார்கள். ஆனால் எங்கள் எஸ்இஎம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் மேடுகள் குழல்களே இல்லாமல் மொழுமொழுவென்றே இருந்தன.

திசுக்களுக்கு வழக்கமாகச் செய்வதுபோல எத்தனாலில் நீர் நீக்கி, கிரிட்டிகல் பாயின்ட் டிரையரில் (திசு சுருங்காமல் உலர்த்தும் கருவி) உலர்த்திய துண்டு அது. மேடுகள் வடிவம் குலையவில்லை, மெழுகுதான் கரைந்து போய்விட்டது. வெறும் காற்றில் உலர்த்தினால் நேர்மாறு: மெழுகு தங்கும், மேடுகள் சுருங்கிவிடும்.

கைகொடுத்தது கிளிசரால். இலைத்துண்டின் அடிப்பக்கமும் வெட்டுவாயும் மட்டும் அதில் படும்படி வைத்தேன்; மேற்பக்கம் நனையவே கூடாது. செல்லுக்குள் நீர் இருந்த இடத்தைக் கிளிசரால் மெல்லப் பிடித்துக்கொள்கிறது. நுண்ணோக்கியின் வெற்றிடத்தில் எளிதில் ஆவியாகாது, மெழுகையும் கரைக்காது. எவ்வளவு அழகான தீர்வு!

மின்சாரம் கடத்துவதற்காக மேலே இடும் தங்கப்பூச்சு மெல்லியதாக, 10 நானோமீட்டர் போதும். அப்படியும் இலையில் மின்னூட்டம் (சார்ஜ்) ஏறி, படத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடின. இலை விளிம்பிலிருந்து ஸ்டப்வரை (துண்டை ஒட்டும் உலோகத் தாங்கி) மின்கடத்தும் சில்வர் பெயின்ட் இழுத்து, எலக்ட்ரான்களை முடுக்கும் மின்னழுத்தத்தை 15 கிலோவோல்ட்டிலிருந்து 5-ஆகக் குறைத்தேன். கோடுகள் நின்றன, குழல்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

ஃபோகஸைப் பக்கத்து இடத்தில் சரிசெய்துவிட்டு, படமெடுக்க மட்டும் நல்ல இடத்துக்கு நகருங்கள். எலக்ட்ரான் பீம் (கற்றை) ஒரே இடத்தில் நின்றால் மெழுகு உருகிவிடும்.