சிறு அறுவைக்குப் பின் குறுஞ்செய்தி: கிளினிக் கவுண்டருக்கான செய்முறை

கொழுப்புக் கட்டி, உள்வளர்ந்த கால் நகம், மச்சம் என்று நாளுக்கு நாலைந்து சிறு அறுவை செய்யும் மலேசியாவின் பட்டர்வொர்த் அல்லது பிரிக்பீல்ட்ஸ் கிளினிக், வீட்டுக்குப் போன நோயாளியிடம் காயத்தைப் பற்றி விசாரிக்க, ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் மொத்தக் குறுஞ்செய்திச் சேவை தேவையில்லை. அதில் செய்தி ஏதோ ஐந்திலக்க எண்ணிலிருந்து போகும். நோயாளிகள் மோசடி என்று அழித்துவிடுவார்கள். ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசி, ஒரு பிரீபெய்ட் சிம், கூகுள் மெசேஜஸ் போதும்.

1. ஒப்புதல். மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவலுக்கு வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். அறுவைப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். எந்த மொழி, யாருடைய எண் என்றும் கேளுங்கள். பாட்டி தரும் எண் பெரும்பாலும் மகளுடையது. அதனால் என்ன அறுவை என்று செய்தியில் எழுதவே கூடாது.

2. நேரம். அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறிக்கலாம். மரப்பு மருந்தின் வேகம் குறைந்து வலி தொடங்கும் அன்று மாலை ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, தையல் பிரிப்பதற்கு முந்தின நாள் ஒன்று. தையல் முகத்தில் 5 நாள், கை காலில் 10 முதல் 14 நாள் என்று போகும். டாக்டர் எழுதிய தேதியே கணக்கு. இரவில் கைப்பேசியை அணைத்துவிட்டு மறந்தால் எதுவும் போகாது.

3. எழுத்து எண்ணிக்கை. சிக்கல் இங்கேதான். மலாய், ஆங்கிலச் செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழ் என்றால் 70தான், அதிலும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'காயத்தில்' கண்ணுக்கு 5 எழுத்து, கைப்பேசிக்கு 9. 70ஐத் தாண்டினால் செய்தி 67, 67ஆக உடைந்து இரண்டு கட்டணம் விழும். பழைய பட்டன் போனில் பின்பாதி முதலில் வந்தாலும் வரும். மலாய்ச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ இமோஜியோ நுழைந்தாலும் முழுச் செய்தியும் 70க்கு இறங்கிவிடும். வேர்டிலிருந்து ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள் குறியும் இதே வேலையைச் செய்யும்.

மூன்றாம் நாளுக்கு இது:

கிளினிக்: காயத்தில் சிவப்பு பரவுதா? சீழ், காய்ச்சல்? 1 இல்லை 2 உண்டு

மொத்தம் 68. 'கிளினிக்' இருக்கும் இடத்தில் உங்கள் கிளினிக் பெயரின் சுருக்கத்தைப் போடுங்கள், கைப்பேசிக் கணக்கில் 10க்கு மிகாமல். 'பரவுதா' என்பதை வெட்டாதீர்கள். தையல் ஓரத்தில் லேசான சிவப்பு எல்லோருக்கும் இருக்கும். வெறும் 'சிவப்பு' என்று கேட்டால் எல்லோரும் 2 அனுப்புவார்கள். செய்தியில் இணையதள லிங்க்கும் வேண்டாம்: மலேசியாவில் 2023இலிருந்து லிங்க் உள்ள குறுஞ்செய்தி தடுக்கப்படுகிறது.

4. பதில். 2 வந்தால் மிஸ்ஸி (தாதி) உடனே கூப்பிட வேண்டும். மாலை வரை பதிலே இல்லை என்றாலும் கூப்பிட வேண்டும். ரத்தம் நிற்காவிட்டால் அவசர எண் 999 என்பதை வீட்டுக்குக் கொடுக்கும் அட்டையில் அச்சடியுங்கள், குறுஞ்செய்தியை நம்பாதீர்கள்.

பிறகு சேர்த்தது: சிலர் 'ஓகே லா' என்று பதில் போடுகிறார்கள். 1 தவிர எது வந்தாலும் 2 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எண்களை எக்செலில் வைத்தால் 012இன் முதல் பூஜ்யம் காணாமல் போகும். தட்டச்சு செய்யும் முன்பே எண்கள் வரும் நெடும்பத்தியை (காலம்) 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.