நாவப்பழ கிரம்பிள்: தப்பு அடுப்புல இல்ல, மரத்தடியில

ஆனி, ஆடியில கம்மாக்கரை பக்கம் போனா நாவ மரத்தடி பூரா ஊதாவா கெடக்கும், அதைப் பொறுக்கி ஒரு கிரம்பிள் (பழத்து மேல வெண்ணெய் மாவை உதிரியா தூவி ஓவன்ல சுடுற இனிப்பு) பேக் பண்ணலாம்னு நினைக்கிறவங்க பாதித் தப்பை அங்கயே பண்ணிடுறாங்க.

முதல்ல மரத்துல ஏறாதீங்க. கிளை தடியா தெரியும், ஆனா படக்குனு முறியும், ஊர்ல பெரியவங்க புள்ளைங்கள ஏற விடாததுக்குக் காரணமே அதுதான். கீழ பழைய சேலையை விரிச்சு தொரட்டியால உலுக்குங்க, நல்லா கனிஞ்சதுதான் முதல்ல உதிரும். செங்காயையும் சேர்த்து அள்ளிட்டு வந்தா எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் அந்தத் துவர்ப்பு நாக்கைப் புடிச்சு இழுக்கும்.

அணில் கடிச்ச பழம்தான் ருசின்னு எடுக்குற பழக்கத்தை தயவுசெஞ்சு விட்டுடுங்க. வௌவாலுக்கு நாவப்பழம்னா உசுரு, கடிச்சது அணிலா வௌவாலான்னு நமக்குத் தெரியாது. 2018ல கோழிக்கோட்டுல, வௌவால்கிட்ட இருந்து பரவுற நிபா வைரஸ் காய்ச்சல் வந்தப்போ கடிபட்ட பழத்தைத் தொடாதீங்கன்னு சொன்னது இதனாலதான். பேக் பண்ணினா சரியாயிடும்னும் நினைக்காதீங்க, பொறுக்குறது நம்ம கை தானே. அப்புறம், காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போகாதீங்க.

இனி அடுப்படி. அரை கிலோ பழத்தைக் கழுவி, தண்ணியே ஊத்தாம அஞ்சு நிமிஷம் வதக்குனா கொட்டை தானா கழண்டு வரும், கத்தியால சீவுனா பாதி சதை கொட்டையோட போயிடும். இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம், துவர்ப்பு இரும்போட சேர்ந்து கருத்துடும். சதையில நாலு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் கான்ஃப்ளார் கலந்து கண்ணாடி ட்ரேல பரப்புங்க. மேல தூவ 100 கிராம் கோதுமை மாவு, 60 கிராம் சில்லுனு வெண்ணெய், 50 கிராம் நாட்டுச்சர்க்கரை, இதை விரல் நுனியால உதிரியா பிசிறி விடணும், சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சீங்கன்னா ஓடு மாதிரி கெட்டியாயிடும். பொங்கி வரட்டும்னு சோடா உப்பு போடுறவங்க இருக்காங்க, கிரம்பிளுக்கு அது தேவையே இல்ல, சாறு பட்ட இடமெல்லாம் அந்த அழகான ஊதா போய் சாம்பல் நீலமா மாறிடும்.

180 டிகிரில முப்பது, முப்பத்தஞ்சு நிமிஷம். மேல செவந்துடுச்சேன்னு அவசரப்பட்டு எடுக்காதீங்க, ஓரத்துல சாறு கொதிச்சு குமிழ் விடணும், அப்பதான் கான்ஃப்ளார் வெந்திருக்கும். எடுத்ததும் கரண்டி போட்டா தண்ணியா ஓடும், இருபது நிமிஷம் ஆற விட்டுப் பரிமாறுங்க.