கார் ஆடியோவை நீங்களே மாட்டுகிறீர்களா? முதலில் ஃப்யூஸ் எங்கே என்று சொல்லுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் பழைய ஸ்விஃப்டின் டிக்கியைத் திறந்து வைத்து அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். மடியில் ஆம்ப்ளிஃபயர், வாயில் இன்சுலேஷன் டேப், பக்கத்தில் பாதியில் நிறுத்திய யூடியூப் வீடியோ. "எல்லாம் முடிஞ்சுதுங்கண்ணா, டெர்மினலை மாட்டிட்டா பாட்டுதான்" என்றான். பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரி பாசிட்டிவுக்குப் பக்கத்தில் தயாராகக் கிடந்த சிவப்பு ஒயர் அப்படியே நேராக ஃபயர்வாலுக்குள் (எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) போயிருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"ஃப்யூஸ் எங்கடா?"

"ஆம்ப்லயே ரெண்டு இருக்குதுங்களேண்ணா."

2011-இல் இதே பதிலை, இதே தெம்போடு, நானும் ஒருத்தரிடம் சொன்னேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் கடை வைத்திருப்பவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்பேனர் பிடிக்கிறவன். என் காரில் ஆரம்பித்து மச்சான், சித்தப்பா, ஆபீஸ் நண்பர்கள் என்று இருபது இருபத்தைந்து கார்களில் கை வைத்திருக்கிறேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பி, திருகாணிகளை டப்பாவில் போடு, பிரிக்கும் முன் போட்டோ எடு என்பதெல்லாம் எல்லா வீடியோவிலும் வருகிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் போடாமல் விடுவது

ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற என்றுதான் புதிதாக வருகிற எல்லோரும் நினைக்கிறார்கள். ஆம்பில் சொருகியிருக்கும் ஃப்யூஸ் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், சரி. பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர் ஒயர் போகிறதே, அதை யார் காப்பாற்றுவது? வீட்டில் ஃப்யூஸ் கேரியர் மிக்ஸிக்குப் பக்கத்திலா இருக்கிறது? மீட்டருக்குப் பக்கத்தில், கரண்ட் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிறது. காரிலும் அதே கணக்குதான். கரண்ட் கிளம்புகிற இடம் பேட்டரி. அங்கிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் வந்துவிட வேண்டும்.

என் கதையைக் கேளுங்கள். அப்போது என்னிடம் இருந்தது மாருதி ஜென். 4,500 ரூபாய்க்கு ஒரு ஆம்ப், பெட்டியோடு ஒரு சப்வூஃபர் (பாஸுக்கான பெரிய ஸ்பீக்கர்). ஃபயர்வாலில் ஏற்கெனவே இருந்த ரப்பர் கிராமெட் (ஓட்டையின் ஓரத்தை மூடும் ரப்பர் வளையம்) வழியாக ஒயர் நுழையவில்லை. பொறுமை இல்லாமல் டிரில் எடுத்துப் புதிதாக ஓட்டை போட்டேன், ஒயரைத் தள்ளினேன், வேலை முடிந்தது. அந்த ஓட்டையின் ஓரம் எவ்வளவு கூர்மை என்று விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எஞ்சின் அதிர அதிர, அந்தத் தகடு ஒயரின் தோலை நாலு மாதம் அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். பெருந்துறை தாண்டியிருப்போம். "ஏனுங்க, பிளாஸ்டிக் கருகற மாதிரி வாசம் அடிக்குது" என்றாள் மனைவி. ஏதாவது லாரியாக இருக்கும் என்றேன். அவள் காலடி மிதியடிக்குக் கீழிருந்து புகை வந்தது.

ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும். அதற்கு 10 எம்எம் ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் டூல் பையில் இருக்கிறது. டூல் பை ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டெப்னிக்கு மேலே என் சப்வூஃபர் பெட்டி. அது ஆடக்கூடாதென்று நானே நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தேன். பின்னால் வந்து நின்ற லாரியின் டிரைவர்தான் ஸ்பேனரோடு ஓடி வந்து டெர்மினலைக் கழற்றினார். அவர் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

மொத்தமே இரண்டு நிமிடம் இருக்கும். அதற்குள் என் ஒயர் உருகி, ஃபயர்வால் பக்கத்தில் அதை ஒட்டிப் போன கம்பெனி ஒயரிங்கையும் சேர்த்து உருக்கிவிட்டது. ஒயரிங், கார்ப்பெட், கூலி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். இன்சூரன்ஸ் கேட்டேன், கிடைக்கவில்லை. வெளியில் மாட்டிய எலக்ட்ரிக் சாமான்களை பாலிசியில் சேர்க்கவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஐஎம்டி 24 என்று ஒரு சேர்க்கை இருப்பதும், சாமான் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டினால் போதும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் வேறு. ஆம்பில் இருந்த இரண்டு 25 ஆம்பியர் ஃப்யூஸும் புத்தம் புதுசாக அப்படியே இருந்தன. முன்னால் நடந்த கூத்து அவற்றுக்குத் தெரியவே இல்லை. கரண்ட் அவ்வளவு தூரம் வந்தால்தானே? ஃபயர்வாலிலேயே பாடியில் இறங்கிவிட்டது. சின்னக் கார் பேட்டரிகூட ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். நேரடி ஷார்ட் என்றால் சில நூறு ஆம்பியர். 12 வோல்ட், 300 ஆம்பியர் என்று வையுங்கள், 3,600 வாட். வீட்டு கீசரே 2,000, 3,000 வாட்தான் இழுக்கும். அதைவிட அதிகமான பவர், சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத ஒயர் வழியாக, நம் பெண்டாட்டி பிள்ளைகள் கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

இவ்வளவுக்கும் ஒயரிங் கிட் வாங்கினால் ஃப்யூஸ் ஹோல்டர் அதற்குள்ளேயே வருகிறது! தனிக் கவரில் இருப்பதால் கடைசியில்தான் கண்ணில் படும். அதற்குள் ஒயரை இழுத்து முடித்திருப்பார்கள். மறுபடி வெட்டிச் சேர்க்கச் சோம்பல்பட்டு, ஆம்பிற்குப் பக்கத்தில் அழகாக மாட்டிவிடுவார்கள். அங்கே அது ஒரு அலங்காரம். இதைக் கடையில் செய்துகொண்டு வந்த கார்களையும் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் பெருந்துறைப் புகை மூக்கில் ஏறும்.

எத்தனை ஆம்பியர் போடுவது? ஒயர் தாங்குகிற அளவுக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். நல்ல செம்பு ஒயரில் எட்டு கேஜுக்கு 50, நாலு கேஜுக்கு 100 (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்). இதற்கு மேல் நான் போவதில்லை. ஆம்ப் அதற்கு மேல் கேட்டால் ஒயரை மாற்றுவேன், ஃப்யூஸைப் பெரிதாக்க மாட்டேன். மலிவு கிட்டில் வரும் கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் ஹோல்டர் சூட்டில் இளகிப் போகிறது. போல்ட் போட்டு இறுக்கும் தட்டையான மினி ஏஎன்எல் வகை வாங்குங்கள். ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்து, ரப்பர் கிராமெட் மாட்டி, ஒயருக்கு மேலே ஸ்லீவ் போட்டு அனுப்புங்கள். பிறகு 10 எம்எம் ஸ்பேனர் ஒன்றை டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். என் காரில் இன்றைக்கும் கிடக்கிறது.

செம்பு மாதிரி இருக்கும் ஒயர்

மேலே சொன்ன கேஜ் கணக்கு செம்புக்கு. மலிவான கிட்களில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம், மேலே செம்பு முலாம். அலுமினியம் செம்பைப்போல ஏறத்தாழ 60 சதவீதம்தான் கடத்தும். போதாததற்குத் தடிமனான தோலைப் போட்டு உள்ளே கம்பியைக் குறைத்திருப்பார்கள், வெளியே பார்க்க நாலு கேஜ் மாதிரியே இருக்கும். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். பணம் இல்லையென்றால் அதையே போடலாம், தப்பில்லை. ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, ஃப்யூஸை ஒரு படி இறக்குங்கள்.

எர்த்தைக் கண்ட இடத்தில் கொடுப்பது

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் "ஙொய்ய்ய்" என்று ஒரு ராகம் ஏறும். விட்டால் இறங்கும். ஆல்டர்னேட்டர் சத்தம். இதற்கு ஒரு நண்பர் நாய்ஸ் ஃபில்டர் வாங்கினார், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளை இரண்டு தடவை மாற்றினார், கடைசியில் ஸ்டீரியோவையே மாற்றினார். ராகம் போகவில்லை. டிக்கியில் அவர் எர்த் (ஆம்பின் மைனஸ் ஒயர்) கொடுத்திருந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. பத்து ரூபாய் எமரி பேப்பரில் கால் மணி நேரத்தில் தீர்ந்த வேலை.

பாடியில் தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, ஒயர் முனையில் ரிங் லக் என்கிற வளையத்தை நசுக்கிப் பொருத்தி, பல் வாஷர் வைத்து இறுக்கி, அதற்கு மேல் துரு பிடிக்காமல் பெயின்ட் அடிக்க வேண்டும். எர்த் ஒயர் பவர் ஒயர் தடிமனே இருக்கட்டும், நீளம் ஒன்றரை அடியைத் தாண்ட வேண்டாம். சீட் பெல்ட் போல்ட் கைக்கு வசதியாக இருக்கும், ஆனால் அதைத் தொடாதீர்கள். அது உயிரைப் பிடித்திருக்கிற போல்ட். சரியாக வந்ததா என்று பார்க்க, பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 0.1, 0.2 வோல்டுக்குள் இருந்தால் போதும்.

எர்த் சரியாக இருந்தும் ராகம் கேட்டால், ஆர்சிஏவும் பவர் ஒயரும் ஒரே பக்கமாகப் போகிறதா என்று பாருங்கள். ஒன்று இடது, ஒன்று வலது.

கெயின்

அது வால்யூம் இல்லை.

கொஞ்சம் சொல்ல வேண்டுமென்றால், ஸ்டீரியோ கொடுக்கும் சிக்னல் அளவுக்கு ஆம்பைப் பொருத்துகிற திருகு. முழுசாகத் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, முதலில் ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போகும். ஸ்டீரியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, கெயினை மெல்ல ஏற்றி, பாட்டு கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றே இறக்கி விட்டுவிடுங்கள்.

மஞ்சளும் சிவப்பும்

ஸ்டீரியோவுக்குப் பின்னால் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும். மாறிப் போனால் சாவியை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷன், கடிகாரம் எல்லாம் மறந்துபோகும். "எதுக்கு வம்பு" என்று இரண்டையும் முறுக்கி ஒன்றாகக் கொடுப்பவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்றால், ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்து பாருங்கள், செல்ஃப் எடுக்காது. சில கார்களில் கம்பெனி கப்ளரிலேயே (காரோடு வரும் ஒயர் பிளக்) இந்த இரண்டும் இடம் மாறி வரும், அதனால் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள்.

கம்பெனி கப்ளரை வெட்டவே வெட்டாதீர்கள். உங்கள் காருக்கான அடாப்டர் கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாரன்டி தகராறும் இல்லை, விற்கும்போது பழைய ஸ்டீரியோவைத் திருப்பி மாட்டவும் வழி இருக்கும்.

மஞ்சள் நிறக் கப்ளர்

இது வேறு மஞ்சள். ஏர்பேக் ஒயரின் கப்ளர். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார் என்றால் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம் இருக்கும். மல்டிமீட்டர்கூட வைக்காதீர்கள்.

கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பேப்பர்

கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றினால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். பேக்கிங் கவர் என்று நினைத்துக் கிழித்துப் போடுகிறார்கள். கண்ணாடி வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள ஓட்டைகள் வழியே வெளியேறும்படிதான் கதவையே செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை கார் உள்ளே வரவிடாமல் தடுப்பது இந்த ஷீட்தான். சித்தப்பா காரில் நான் கிழித்தது சித்திரையில். ஐப்பசி மழையில் அவர் போன் செய்து, "டேய், கார்ல தவளை மட்டுந்தான்டா இல்ல" என்றார். அதேபோல அதிர்வைக் குறைக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டும்போது அடி ஓட்டைகளை மூடிவிடாதீர்கள், கதவு துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கர் வாங்கும் முன் கண்ணாடியை முழுசாக இறக்கி ஆழத்தை அளந்து கொள்ளுங்கள். காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடி பாதியில் நிற்கும்.

"50 வாட் × 4" என்று அட்டையில் இருப்பது

நம்ப வேண்டாம். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப் 14.4 வோல்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், அலை வெட்டுப்படாமல் கொடுக்க முடிகிற உச்சமே கணக்குப்படி 26 வாட். நடைமுறையில் இருபதை ஒட்டித்தான் வரும். ஸ்பீக்கர் பெட்டியிலும் "ஆர்எம்எஸ்" (தொடர்ந்து தாங்குகிற வாட்) என்று சின்ன எழுத்தில் இருப்பதை மட்டும் பாருங்கள்.

பிளஸ் மைனஸ் மாறிய ஒரு ஸ்பீக்கர்

எல்லாம் பாடும், பாஸ் மட்டும் காணாமல் போயிருக்கும். பென்சில் பேட்டரியை ஒயரில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பிளஸ் பிளஸோடு சேர்ந்தால் கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) வெளியே குதிக்கும்.

டோர் பேட் க்ளிப்

உடையும். நீங்கள் எவ்வளவு பதமாக இழுத்தாலும் கதவுக்குக் குறைந்தது இரண்டு உடையும், அதுவும் கடை மூடியிருக்கும் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. முன்கூட்டியே பத்து வாங்கி வையுங்கள். நான் வாங்கவில்லை. என் காரின் இடது பின் கதவு, தவில் அடி விழும்போதெல்லாம் கூடவே தாளம் போடுகிறது. எந்த க்ளிப் என்றுகூடத் தெரியும். நாலு வருஷமாக அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று போய்க்கொண்டிருக்கிறது.