முள் சிலந்திக்குப் புதுப் பெயர் வைக்கும் முன்

வட்ட வலையின் நடுவில் கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கும், நண்டு ஓடு மாதிரி கெட்டியான முதுகும் அதன் ஓரத்தில் மூன்று ஜோடி முட்களும் கொண்ட சிலந்தியை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கேஸ்டரகாந்தா என்ற இதன் பேரினப் பெயருக்கே (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) கிரேக்கத்தில் வயிற்று முள் என்றுதான் பொருள். ஆனால் புது இனம் என்று அறிவிக்கிறவர்கள் முதலில் தடுக்கி விழுவதும் அந்த முள்ளில்தான்.

முள்ளையும் நிறத்தையும் மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் கேஸ்டரகாந்தா கேன்கிரிஃபார்மிஸ், ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-ல் பெயரிட்ட இனம். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், இன்னொன்று ஆரஞ்சு. முள் சிலதில் சிவப்பு, சிலதில் கறுப்பு. எல்லாம் ஒரே இனம்தான். அதற்குப் பல காலங்களில் பலர் வைத்த தனித்தனிப் பெயர்கள் ஒவ்வொன்றாகச் செல்லாமல் போயின. நம் பக்கம் இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் இன்னொரு முள் சிலந்தியான தெலகாந்தா பிரெவிஸ்பைனாவும் அப்படித்தான், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. முள்ளின் நீளமோ வயதுக்கேற்ப மாறும், முனை உடைந்தும் போகும். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் மைக்ரதீனா என்ற வேறொரு முள் சிலந்திப் பேரினத்தில் நீண்ட முட்கள் பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன என்று 2012-ல் வந்த ஆய்வு காட்டியது. முள் ஒத்துப்போனால் சொந்தம் என்றும் சொல்லிவிட முடியாது.

அப்போ எதைப் பார்ப்பது? சிலந்தியைத் திருப்பிப் போட்டு அடிவயிற்றைப் பாருங்கள். பெண்ணில் எபிஜைன் என்கிற இனப்பெருக்கத் தகடு இருக்கும். அதை ஊசி முனையால் மெல்லப் பிரித்து ஒரு சொட்டு கிராம்பு எண்ணெயில் போட்டு வைத்தால், கொஞ்ச நேரத்தில் தகடு கண்ணாடி போலத் தெளிந்து உள்ளே விந்துப் பைகளும் குழாய்களும் தெரியவரும். அந்த அமைப்பைத்தான் வரைய வேண்டும். தகடு முழுமையாக உருவாகவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது வளர்ந்த சிலந்தியே இல்லை, அதை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள்.

ஆணை மறப்பது அடுத்த தவறு, எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். கேன்கிரிஃபார்மிஸ் பெண் 10 முதல் 13 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஆண் 2, 3 மில்லிமீட்டர் நீளம்தான், பெரிய முட்களும் கிடையாது. யாருடைய கண்ணில் படும்? பட்டாலும் வேறு ஏதோ சிலந்தி என்று விட்டுவிடுவார்கள். ஒரே புதரில் கிடைத்ததால் இரண்டும் ஜோடி என்று முடிவு கட்டுவதும் தப்பு. பெண்ணின் வலையோரம் ஆண் காத்திருப்பதை நேரில் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டின் டிஎன்ஏவையும் ஒப்பிட வேண்டும்.

எல்லை தாண்டிப் பார்க்காமல் இருப்பதும் பெரிய குறை. கேஸ்டரகாந்தா ஜெமினேட்டா இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. 1798-லேயே டென்மார்க் விலங்கியலாளர் ஃபாப்ரீசியஸ் பெயர் வைத்துவிட்டார். கேஸ்டரகாந்தா கூலி இங்கிருந்து ஜப்பான் வரை போகிறது. கேரளத்தில் கிடைத்த சிலந்திக்கு இந்தியக் கட்டுரைகளை மட்டும் புரட்டினால் போதாது, இணையத்தில் இருக்கும் உலகச் சிலந்திப் பட்டியலைத் திறந்து இந்தோனேசியா வரை வாழும் இனங்களின் மூல விவரிப்புகளைப் படியுங்கள், முடிந்தால் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல மாதிரியையே, அதாவது எந்தச் சிலந்தியை ஆதாரமாக வைத்துப் பெயர் சூட்டினார்களோ அதையே, பாருங்கள்.

எழுதும்போது விவரிப்பும் வேறுபாட்டுக் குறிப்பும் ஒன்று என்று நினைக்காதீர்கள். 'ஆறு முட்கள், மஞ்சள் முதுகு' என்பது விவரிப்பு, அவ்வளவுதான். மற்ற இனங்களிடமிருந்து இது எந்த அம்சத்தில் பிரிகிறது என்று வார்த்தையில் சொன்னால்தான் விலங்கியல் பெயரிடல் விதிப்படி பெயர் செல்லும். 1999-க்குப் பிறகு வந்த பெயர் என்றால், மூல மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் கட்டுரையில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

சின்ன விஷயங்கள் சில. ஆல்கஹாலில் போட்டதும் மஞ்சளும் சிவப்பும் வெளுக்கத் தொடங்கும், அதனால் உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். குப்பிக்குள் போடும் சீட்டில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் மை கரைந்து இடமும் தேதியும் போய்விடும், பென்சிலால் எழுதுங்கள். சரணாலயத்தில் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். அப்புறம், இந்தியாவில் புது இனம் கண்டுபிடித்தால், 2002-ஆம் ஆண்டு உயிர்ப்பன்மைச் சட்டத்தின்படி அதற்கென்று குறிக்கப்பட்ட நிறுவனத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் அங்கேயே ஒப்படைக்க வேண்டும். வீட்டு அலமாரியில் வைத்திருந்தால் அதை அடுத்தவர் வந்து சரிபார்க்க வழியே இல்லை.