வன்னிக் கிராமப் பாடசாலையில் அதிபராகப் பொறுப்பேற்பவருக்கு

நியமனக் கடிதம் கிடைத்ததும் பலர் முதலில் விசாரிப்பது கட்டடம் எத்தனை, ஆசிரியர் எத்தனை என்றுதான். முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்க் கல்வி வலயத்தில் அதிபராக இருந்து ஓய்வு பெற்ற நான், முதலில் வரவுப் பதிவேட்டைத் திறக்கச் சொல்வேன். கடந்த இரண்டு வருடப் பதிவேடுகளை எடுத்து, பிள்ளைகள் பெருந்தொகையாக வராமல் விட்ட நாட்களை ஒரு தாளில் குறியுங்கள். ஊர் எப்படி நடக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். தை, மாசியில் காலபோக நெல் அறுவடை. வைகாசியில் வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தால் ஜூலை 2 மடுத் திருவிழா. ஐப்பசி தொடங்கினால் மாரி மழை. வகுப்புப் பரீட்சையையும் பெற்றார் கூட்டத்தையும் இந்த நாட்களில் வைத்துவிட்டு, பெற்றாருக்கு அக்கறையில்லை என்று சொல்வது நியாயமில்லை.

பிந்தி வரும் பிள்ளையைப் படலையில் நிறுத்தாதீர்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு மாதம் முழுக்க எட்டு மணிக்குத்தான் வருவான். கண் சிவந்திருக்கும், சப்பாத்தில் வயல் சேறு காய்ந்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், யானை வராமல் இரவு முழுக்கத் தகப்பனோடு பரணில் காவல். அந்த வகுப்புக்கு முதல் பாடவேளையில் இருந்த கணிதத்தை மூன்றாவதுக்கு மாற்றினோம். நேரசூசியில் ஒரு சின்னத் திருத்தம்தான். அவன் கணிதத்தை விடாமல் படித்தான்.

மழைக்கு முன்பே இன்னொரு வேலை இருக்கிறது. பெற்றாரின் தொலைபேசி இலக்கங்களை வகுப்புவாரியாக மட்டும் வைத்திருக்காமல், பாதைவாரியாகவும் எழுதி வையுங்கள். குளம் நிரம்பி வான் பாய்ந்து (மேலதிக நீர் வழிந்து), வாய்க்காலைக் கடக்கும் தாழ்ந்த பாதையான தாம்போதியை வெள்ளம் மூடினால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யார் யார் என்று உடனே தெரிய வேண்டும். கமக்காரர் அமைப்புத் தலைவரின் இலக்கமும் அதே தாளில் இருக்கட்டும். வான் பாயப்போவது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

பெற்றார் கூட்டத்தைப் பாடசாலை நேரத்தில் வைத்தால் கூலிக்குப் போகும் தாய்மார் ஒரு நாள் சம்பளத்தை இழப்பார்கள். பின்னேரம் சனசமூக நிலையத்தில் வையுங்கள், வருவார்கள். ஊரில் ஒரு செத்த வீடு என்றால் அழைப்பை எதிர்பார்க்காமல் போங்கள்.

அப்புறம் காசு விஷயம். பொறுப்பேற்கும்போது பொருட் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு மேசை, கதிரையையும் எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்து. குறைவதைப் பாடசாலையின் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் சம்பவத் திரட்டில் அன்றே எழுதுங்கள். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பழைய மாணவர்கள் உதவ விரும்புவார்கள். அவர்கள் மனது நல்ல மனது. ஆனால் உங்கள் சொந்தக் கணக்குக்கு ஒரு சதமும் வரக்கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் தீர்மானம் எடுத்து, சங்கக் கணக்கில் வாங்கி, பற்றுச்சீட்டுக் கொடுங்கள். கொப்பி வாங்கும் பிள்ளையை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். அந்தப் படத்தை அவளுடைய வகுப்புத் தோழர்களும் பார்ப்பார்கள்.

என்ன தேவை என்று பழைய மாணவர்கள் கேட்டால் பெரும்பாலான அதிபர்கள் நுழைவாயில் வளைவு என்பார்கள். நான் ஆசிரியர் விடுதி என்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் தினமும் பஸ்ஸில் வந்து போகும் விஞ்ஞான ஆசிரியை எப்போதும் இடமாற்றத்துக்கே விண்ணப்பிப்பார். பூட்டக்கூடிய இரண்டு அறை, சுத்தமான மலசலகூடம், நல்ல கிணறு இருந்தால் வெள்ளிக்கிழமைவரை ஊரிலேயே தங்குவார், பின்னேர வகுப்பும் எடுப்பார்.